அறுநூறு சிடி, ஒரே ஒரு சுவர்

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் பதினெட்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்த தரைவீட்டை விட்டு, தீவில் இருக்கும் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். மகளுக்குப் பள்ளி பக்கம், எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பக்கம், மனைவிக்குச் சந்தை பக்கம். என் சிடிக்களுக்கு மட்டும்தான் எதுவும் பக்கமாக வரவில்லை. புது வீட்டை அளவு நாடாவால் அளந்து, ஒரு தாளில் வரைந்துகொண்டு வந்த மனைவி, வரவேற்பறையின் ஒரு சுவரைப் பேனாவால் தட்டிக் காட்டினார். "இது உங்களுக்கு. சாமி மேடையும் இதே சுவரில்தான் வரும்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருப்பவை 612 சிடிக்கள். ஒரு பெட்டியின் கனம் பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஆறு மீட்டருக்கு மேல் ஓடும். சாமி மேடை போக எனக்கு மிஞ்சுவது ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் இரண்டு தட்டுகள். நெருக்கி அடுக்கினாலும் 240க்கு மேல் நிற்காது. மீதி 372 என்ன ஆவது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கப்போய், இந்த இசையை இனி எதில் கேட்பது என்ற பெரிய கேள்வியும் கூடவே வந்துவிட்டது. கைப்பேசியில் சந்தா கட்டிக் கேட்பதா, இப்போது எல்லாரும் திரும்பிப் போகிற பெரிய இசைத்தட்டுக்கு நானும் போவதா, சிடியையே பிடித்துக்கொண்டிருப்பதா, எல்லாவற்றையும் கோப்புகளாக்கி ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைப்பதா? மூன்று மாதங்களாக இதே யோசனை.

நான் கேட்பது புரோகிரசிவ் மெட்டல். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மெட்டல் இசையின் கனமான கித்தாரும் இரட்டை மிதி டிரம்மும் இருக்கும், ஆனால் பாட்டு மூன்று நிமிடத்தில் முடியாது, தாளம் நாலு நாலாகவே போகாது. ஏழு, ஐந்து, ஒன்பது என்று மாறிக்கொண்டே இருக்கும். 1993இல், எனக்குப் பதினாறு வயதில், பெரியப்பா மகன் ஒரு கேசட்டைக் கொடுத்தார். டிரீம் தியேட்டர் குழு 1992இல் வெளியிட்ட 'இமேஜஸ் அண்டு வோர்ட்ஸ்'. முதல் முறை கேட்டபோது டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்கிறது என்றே நினைத்தேன். இரண்டாம் முறை விரல் தானாகத் தொடையில் தட்டியது. தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு. என் சித்தப்பா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் உறுமி அடிப்பவர். அவர் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு ஏழு எண்ண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே குழு 1999 ஆல்பத்தில் ஆறு நிமிடச் சொச்சத்தில் தாளத்தை நூறு தடவைக்கு மேல் மாற்றும் ஒரு வாத்தியப் பாட்டைப் போட்டது. அதை எண்ணி முடித்த நாளில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்தபோதுகூடக் கிடைக்கவில்லை.

எதில் கேட்பது என்பதற்கும் இந்த எண்ணிக்கைக்கும் தொடர்பு இருக்கிறது. ஸ்வீடனின் மெஷுகா குழுவைப் பாருங்கள். கித்தாரும் கால் டிரம்மும் சேர்ந்து ஒரு கோணலான சுழற்சியில் போகும். கையால் அடிக்கிற சிம்பல் மட்டும் நாலில் நிற்கும். இரண்டும் விலகி விலகிப் போய், கச்சேரியில் கோர்வை, தாளத்தின் முதல் எண்ணான சமத்தில் வந்து விழுவதைப்போல ஓரிடத்தில் ஒன்றாக விழும். அந்த விழுகிற இடத்துக்காகத்தான் கேட்கிறோம். நடுவில் ஒரு விளம்பரமோ, தட்டைத் திருப்பிப் போடுகிற இடைவெளியோ, வாட்ஸ்அப் மணியோ வந்தால் எண்ணிக்கை போய்விடும். மறுபடியும் முதலிலிருந்துதான்.

முதலில் கைப்பேசிச் சந்தாவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பக்கத்தில்தான் நியாயம் அதிகம். ஸ்பாடிஃபை மலேசியாவுக்கு 2013இல் வந்தது. மாதம் ஏறக்குறைய இருபது ரிங்கிட். ஒரு தட்டு மீ கோரேங்கும் ஒரு கோப்பியும் வைத்து இரண்டு தடவை வெளியே சாப்பிடுகிற காசு. அதற்கு உலகமே கையில். நான் 1990களில் ஒரு ஆல்பத்தைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்து, அதைக் கையில் பிடிக்க இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது உண்டு. இன்றைக்கு நார்வேயின் லெப்ரஸ், லண்டனின் ஹேக்கன், ஏழைக் குறிக்கும் மிஸ்ரம் என்ற சொல்லையே பெயரில் வைத்திருக்கும் பெங்களூரின் புராஜெக்ட் மிஷ்ரம் ஆகிய மூன்று குழுக்களையும் சந்தா வழியாகத்தான் கண்டுபிடித்தேன். தரத்தைக் குறை சொன்னால் பழைய பாட்டையே பாடுகிறேன் என்று அர்த்தம். ஆப்பிள் 2021இலேயே இழப்பில்லாத ஒலியைக் கொடுத்துவிட்டது. ஸ்பாடிஃபையும் 2025இல் வந்து சேர்ந்துகொண்டது. சிடியில் இருக்கிற அதே எண்கள் கைப்பேசிக்கும் வருகின்றன. புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே தரம் போதவில்லை என்று பேசுகிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. முதலாவது காசு. ஸ்பாடிஃபையில் முப்பது விநாடி ஓடினால் ஒரு கேட்பு. இரண்டு நிமிடப் பாட்டும் ஒரு கேட்பு, இருபத்துமூன்று நிமிடப் பாட்டும் ஒரு கேட்பு. நார்வேயின் கிரீன் கார்னேஷன் குழு 2001இல் ஒரு ஆல்பம் வெளியிட்டது. ஒரு மணி நேரம், ஒரே பாட்டு. முழுவதையும் மனம் ஒன்றிக் கேட்டாலும் கணக்கில் அது ஒன்றுதான். அதே ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடப் பாடகர் ஒருவருக்கு முப்பது விழும். ஆண்டுக்கு ஆயிரம் கேட்புகூட எட்டாத பாட்டுக்கு 2024 முதல் காசே கிடையாது என்றும் விதி வந்திருக்கிறது. நீளமாக எழுதுகிறவனுக்கு இந்த ஏற்பாட்டில் அபராதம்தான்.

இரண்டாவது, அந்தப் பெட்டி நம்முடையது இல்லை. டூல் குழுவின் எந்த ஆல்பமும் 2019 ஆகஸ்டு வரை எந்தச் சந்தாச் சேவையிலும் கிடையாது. என் அக்காள் மகனுக்கு அந்தக் குழுவின் பெயர்கூடத் தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். "இல்லாத குழுவையா மாமா இருபது வருடமாகக் கேட்கிறீர்கள்?" என்று கேட்டான். இப்போது வந்துவிட்டது, சரி. நாளைக்கு எது போகும் என்று யாருக்குத் தெரியும்? பழைய ஆல்பங்களுக்கு மறுபதிப்பு வந்தால், முதல் பதிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடுவதும் நடக்கிறது. மறுபதிப்பு என்றால் பெரும்பாலும் ஒலியை உயர்த்தி இறுக்கியிருப்பார்கள். மெல்லிய இடமும் கனமான இடமும் ஒரே உயரத்தில் நிற்கும். மெல்ல ஆரம்பித்து மலைபோல் எழும்புவதே இந்த இசையின் பாதி உயிர். அதைச் சமதரையாக்கிக் கொடுத்தால் எதற்கு?

இனி இசைத்தட்டு. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலுக்கு வார இறுதியில் போனால் பழைய தட்டுகளைக் கிளறிக்கொண்டு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு அங்குல அட்டையில் ஓபெத் குழுவின் படம் இருந்தால், சிடி பெட்டியில் தபால்தலைபோலத் தெரிந்த மரமும் மூடுபனியும் ஒரு சுவர்ப்படமாகிவிடும். சில ஆல்பங்களுக்குத் தட்டுக்கென்று தனியாக, இறுக்காமல் ஒலி அமைக்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படி ஒன்றை நண்பர் வீட்டில் கேட்டேன். கால் டிரம் அடித்து ஓய்ந்த பிறகு வருகிற அந்த வெறும் இடம் காதுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் அதே நினைப்பு.

ஆனால் செலவைப் பாருங்கள். நல்ல தட்டுக்கருவி, அதற்கு ஒரு முன்பெருக்கி, ஒலிபெருக்கிகள் என்று நான் விசாரித்த வரையில் மூவாயிரம் ரிங்கிட்டுக்குக் கீழே மனநிறைவாக ஒன்றும் அமையவில்லை. இந்த வகை இசையில் இரட்டைத் தட்டு ஆல்பம் ஒன்றுக்கு, கப்பல் கூலியும் சேர்த்து, நான் கொடுத்தது 210 ரிங்கிட். அதையும் சொல்கிறேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் பொட்டலத்தைக் கொண்டுவந்தவர் இரும்புக் கேட்டின் மேல் செருகிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு நான் வரும்வரை அது பட்டர்வொர்த் வெயிலில் கிடந்தது. எடுத்துத் தரையில் வைத்தால் அப்பளம்போல ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே பதினோரு கிலோ அரிசி மூட்டை ஏற்றி, பத்து நாள் காத்திருந்தேன். அரிசிதான் குறைந்தது.

வெயில் போனால் ஈரம். கடலோரத்தில் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும், மூடிய அலமாரிக்குள் தோல் செருப்பே பூசணம் பிடிக்கும். காகித அட்டை என்ன ஆகும்? இசைத்தட்டு வைத்திருக்கும் நண்பர் அந்த அறையில் நாள் முழுவதும் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓட விடுகிறார். மின்கட்டணத்தை அவர் மனைவி கேட்கவில்லை. என் மனைவி கேட்பார்.

இவையெல்லாம் காசாலும் பொறுமையாலும் தீர்கிற குறைகள். தீராத குறை ஒன்று இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கம் நன்றாக ஒலிக்க வேண்டுமானால் ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடம்தான் அளவு. அதற்கு மேல் நெருக்கினால் பள்ளங்கள் மெலியும், ஒலி தாழும், கனமான கீழ்ச்சுரங்கள் முதலில் அடிபடும். 1970களின் புரோகிரசிவ் ராக் குழுக்கள் இந்த அளவைத் தெரிந்துகொண்டே எழுதின. யெஸ் குழு 1972இல் ஒரு பக்கம் முழுவதற்கும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஒரே பாட்டை வைத்தது. கனடாவின் ரஷ் 1976இல் இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரு கதை சொன்னது. பாட்டு முடியும், ஊசி எழும், எழுந்து போய்த் திருப்பிப் போடுவோம். அந்த இடைவெளியே இசையமைப்பின் ஒரு பகுதி. அந்த ஆல்பங்களை இசைத்தட்டில் கேட்பது சரி. அதுதான் அவற்றின் வீடு.

புரோகிரசிவ் மெட்டல் வேறு வீட்டில் பிறந்தது. டிரீம் தியேட்டரின் மூன்று பேர் பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்தபோது குழு சேர்ந்தது 1985இல். சிடி கடைக்கு வந்தது 1982இல். இவர்கள் தலையெடுத்த காலத்தில் சிடியும் தலையெடுத்துவிட்டது. 74 நிமிடம், பிறகு இழுத்துப் பிடித்தால் 80. நடுவில் எழுந்து போக வேண்டியதில்லை. இந்த நீளத்தைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதினார்கள் என்பது என் துணிபு. ஃபேட்ஸ் வார்னிங் குழு 1997இல் ஒரே படைப்பைப் பன்னிரண்டு பகுதிகளாகப் போட்டது. ஸ்வீடனின் எட்ஜ் ஆஃப் சானிட்டி 1996இல் நாற்பது நிமிடத்துக்கு ஒரே பாட்டு. டிரீம் தியேட்டரின் 1999 கதை ஆல்பமான 'சீன்ஸ் ஃபிரம் எ மெமரி' 77 நிமிடம். சிடியின் விளிம்பு வரைக்கும் ஊற்றி நிரப்பியதுபோல. அதை இசைத்தட்டில் கேட்டால் நாலு பக்கம், மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். ஒரு கொலையின் மர்மத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, பொறு, தட்டை மாற்றிவிட்டு வருகிறேன் என்றால் எப்படி? கூத்து நடுவில் விளக்கை அணைத்துவிட்டுத் தேநீர் கொடுப்பதுபோல இருக்கும்.

அந்தக் கதை ஆல்பம் வெறும் இரைச்சலோடு முடிகிறது. 2002இல் வந்த அடுத்த ஆல்பம் அதே இரைச்சலோடு தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னும் கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். 2002இன் அந்த ஆல்பம் இரண்டு சிடி. முதலாவதில் ஐந்து பாட்டு. இரண்டாவதில் 42 நிமிடத்துக்கு ஒரே பாட்டு, எட்டுப் பகுதிகளாக. ஏன் அப்படிப் பிரித்தார்கள்? மொத்தமாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒரே சிடியில் அடங்காது. அடங்காதபோது நீண்ட பாட்டுக்குத் தனி வீடு கொடுத்தார்கள். சிடியின் சுவர்தான் அந்தப் பாட்டின் உருவம்.

எனக்கு எதிராகப் பேசும் சாட்சியும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். டூல் பதின்மூன்று ஆண்டு காக்கவைத்து 2019இல் கொடுத்த 'ஃபியர் இனாகுலம்' சிடியில் 79 நிமிடம்தான். கணினியில் வாங்கினால் 86 நிமிடம். அதில் வரும் மூன்று சின்னப் பகுதிகள் சிடியில் இல்லை, இடம் போதவில்லை. அந்தச் சிடிக்கோ நான்கு அங்குலத் திரையும் ஒரு குட்டி ஒலிபெருக்கியும் வைத்த அட்டை. திறந்தால் படம் ஓடும், மின்னேற்றவும் வேண்டும். ஏழு நிமிட இசையைக் குறைத்துவிட்டு அட்டைக்கு மின்கலம் வைத்தவர்களை என்ன சொல்வது? அந்த ஒரு ஆல்பத்துக்கு நான் கைப்பேசிக் கட்சி.

சிடிக்கு வேறு என்ன நியாயம்? விலை. எல்லாரும் விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் குறைவு. அதனால் இருபது முப்பது ரிங்கிட்டுக்குப் பழையது நல்ல நிலையில் கிடைக்கிறது. ஈரத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. உள்ளே இருக்கும் கையேடு ஒட்டிக்கொள்ளும்; தட்டு தப்பிக்கும். கீறல் விழுந்தாலும் பிழை திருத்தும் கணக்கு உள்ளேயே இருக்கிறது. தடத்தின் நீளத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அழிந்துபோனாலும் பக்கத்தில் சிதறிக் கிடக்கும் தகவலை வைத்து அப்படியே மீட்டெடுத்துவிடும். அச்சடித்த பக்கம் கீறினால் மட்டும் பிழைக்காது, ஏனென்றால் அலுமினியப் பூச்சு அந்தப் பக்கம்தான் தோலுக்கு அடியில் இருக்கிறது. இது தெரியாமல் பலர் மினுங்குகிற பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் துடைத்துவிட்டு, படம் இருக்கும் பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள்.

2000ஆம் ஆண்டு வாக்கில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கிய திருட்டுப் பதிவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் எழுதிய நீலப் பச்சைத் தட்டுகள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. அவற்றுக்காக அழவும் இல்லை. உண்மையான சிடி வாங்கக் காசு சேர்ந்த காலத்தில் வேறு தொல்லை வந்தது. 2001இல் பிளாக் மெட்டல் கேட்கும் மாணவர்களைப் பற்றி நாளிதழ்கள் பரபரப்பாக எழுதின. 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் அந்த இசை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? கறுப்புச் சட்டை, நீண்ட முடி, அட்டையில் செத்த மரம். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு தீபாவளிக்கு முன்னால் பலகாரம் வைக்கிற பெரிய பிஸ்கட் டின்னுக்குள் நாற்பது சிடிக்களை ஒளித்துவைத்தேன். அம்மா முறுக்கு வைக்க எடுத்தார். அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

கடைசி வழி, கோப்புகள். இதில் உணர்ச்சிக்கு இடமில்லை, கணக்குதான். சிடியின் ஒலி நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்தரை மெகாபைட். இழப்பில்லாமல் சுருக்கினால் மூன்றில் இரண்டு பங்காகும். மெட்டல் நெருக்கமான இசை, அவ்வளவாகச் சுருங்காது. ஒரு ஆல்பத்துக்கு 450 மெகாபைட் என்று வைத்தால் 612க்கும் 280 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். சட்டைப் பையில் போடுகிற வன்தட்டில் பாதிகூட நிரம்பாது. இன்னொன்று வாங்கி நகல் எடுத்து அக்காள் வீட்டில் வைத்துவிட்டால் தீ, வெள்ளம் எதற்கும் பயமில்லை. ஒரு தட்டை ஏற்ற ஏழெட்டு நிமிடம். தினம் இரவு ஆறு என்றால் மூன்றரை மாதம். புதிதாக வாங்குவதற்கு பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடை இருக்கிறது. இசைக் கோப்புக்கு அவர்கள் எடுப்பது நூற்றுக்குப் பதினைந்து, மீதி பெரும்பாலும் குழுவுக்குப் போகிறது. முப்பது விநாடிக் கணக்கில்லை. இதைவிட நேர்மையான கடை எனக்குத் தெரியாது.

குறை ஒன்றுதான்: வன்தட்டில் ஏற்றிவிட்டதை நான் கேட்பதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய எண்பது ஆல்பங்களில் ஐந்தைக்கூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டேன். அலமாரியில் முதுகு தெரிந்தால் கை போகும். கோப்பின் பெயர் தெரிந்தால் போவதில்லை. சோம்பல் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா வழிகளையும் இப்படிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் எண்ண மறந்த ஒன்று நினைவுக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகளாக நான் இதை எங்கே கேட்டேன்? வீட்டிலா? இல்லை, பாலத்தில். பினாங்குப் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் பத்து நிமிடம். காலை ஏழரை மணிக்கு யார் காலியாக விட்டார்கள்? வீட்டு வாசலில் இருந்து தொழிற்சாலை வாசல் வரை ஐம்பது நிமிடம், மழை என்றால் எழுபது. அந்த 1999 ஆல்பம் மழை நாளுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். இருபத்துமூன்று நிமிடப் பாட்டு, நெரிசலில் பாலம் ஏறும்போது போட்டால் தீவுப் பக்கம் இறங்கும்போது முடியும். எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள், நான் ஸ்டியரிங்கில் ஏழு எண்ணுவேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒரே காரில், ஒரே சிடி துளையில். ஜெலுத்தோங்கில் இருந்து வேலைக்குக் கடலோர நெடுஞ்சாலையில் பதினைந்து நிமிடம். புதிதாக வாங்கப்போகும் காரில் சிடி துளையே கிடையாது. விற்பனையாளரிடம் கேட்டேன், என் தாத்தாவைப் பற்றி விசாரித்ததுபோலச் சிரித்தார்.

ஆகவே எதில் கேட்பது என்பதைவிட எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதுதான் முதலில் தீர வேண்டியிருந்தது. ஐம்பது நிமிடம் யாரும் கூப்பிடாத இடம் வேண்டும். மனைவியோடு பேசினேன். வெள்ளி இரவு, சாப்பாடு முடிந்து, ஒன்பதரையில் இருந்து பதினொன்று வரை வரவேற்பறை எனக்கு, ஹெட்ஃபோன் கட்டாயம். "அந்தக் கத்தல் சாமிக்குக் கேட்க வேண்டாம்" என்பது அவர் நிபந்தனை. ஓபெத்தின் பாடகர் 2011இல் அந்தக் கத்தலை ஆல்பங்களில் விட்டுவிட்டு, 2024இல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று சொன்னேன். அவருக்கு அது செய்தியாகப் படவில்லை.

இடம் தீர்ந்ததும் மற்றது தானாகத் தீர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற கதை ஆல்பங்களும், ஒரே பாட்டாக ஓடுகிற ஆல்பங்களும், கையேடு இல்லாமல் கதை புரியாதவையும் சிடியாகவே இருக்கும். அப்படிப் பார்த்தால் 190தான் தேறியது. மீதி ஐம்பது இடத்தைப் பாசத்துக்கு ஒதுக்கினேன். மேடைப் பதிவுகளில் ஒன்றைத் தவிர எல்லாம் வெளியே. அந்த ஒன்று, டிரீம் தியேட்டர் நியூயார்க் நகரம் தீப்பற்றி எரிவதாக அட்டை போட்டு, 2001 செப்டம்பர் 11 அன்றே கடைக்கு வந்து, உடனே திரும்பப் பெறப்பட்டதன் மாற்று அட்டைப் பதிப்பு. எரிகிற அட்டை எனக்குக் கிடைக்கவில்லை. மாற்று அட்டையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

மீதி 372ஐயும் வன்தட்டில் ஏற்றிக்கொண்டு கொடுத்துவிடப் போகிறேன். அக்காள் மகன் நூற்றுச் சொச்சம் எடுத்துக்கொண்டான். பழைய சிடி இயக்கி ஒன்றை 280 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். புதிய குழுக்களைத் தேட மாதச் சந்தா தொடரும். பிடித்துவிட்டால் பேண்ட்கேம்பில் காசு கொடுத்து வாங்குவது என்று எனக்கு நானே ஒரு விதி. வளைந்துபோன இசைத்தட்டின் அட்டை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும், சாமி மேடைக்கு எதிர்ப்பக்கம்.

என் வயதில் இல்லாதவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். இருபத்தைந்து வயதில் இந்த இசைக்குள் வருகிறவர் சிடி சேர்க்கத் தொடங்குவது வீண். சந்தா ஒன்று, கம்பி வைத்த நல்ல ஹெட்ஃபோன் ஒன்று, மனதுக்கு நெருக்கமான பத்து ஆல்பங்களைக் கோப்பாக வாங்கக் கொஞ்சம் காசு, இது போதும். செட்டிங்கில் ஒரு பாட்டையும் அடுத்ததையும் கலக்கும் வசதி இருக்கும், அதை மட்டும் அணைத்துவிட வேண்டும். இசைத்தட்டு ஆசை வந்தால் 1970களின் ஆல்பங்களை வாங்குங்கள், ஓர் அறைக்கு ஈரம் உறிஞ்சும் கருவியும் சேர்த்து.

பழைய காரைப் போன வாரம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் பட்டறையில் சிடி இயக்கியைக் கழற்றச் சொன்னேன். மூன்று ஆண்டுகளாக அதற்குள் ஒரு தட்டு சிக்கிக் கிடந்தது. வெளியே துப்பாது, ஆனால் பாடும். அந்த 42 நிமிடப் பாட்டு. மெக்கானிக் நாலு திருகைக் கழற்றி, கத்தி முனையால் மெதுவாக நெம்பி எடுத்துக் கொடுத்தார். சுற்றி வட்டமாக ஒரு கீறல், மினுங்குகிற பக்கத்தில்தான். காரில் ஒரு நாள்கூடத் தடுமாறாமல் பாடியது. வீட்டில் கணினியில் ஏற்றினால் மூன்றாம் பகுதியில் போய் நிற்கிறது. டிக், டிக், டிக் என்று அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. நாலு இரவுகளாக விட்டுவைத்திருக்கிறேன். முந்தாநாள் நூற்றுக்கு எழுபத்தொன்று என்று காட்டியது, நேற்று எழுபத்திரண்டு.